கோட்டை பார்க்கப் போய் வன்னியைப் பார்த்தேன்

ஜோத்பூரில் மெஹ்ரான்கட் கோட்டையை ஒட்டிய பாறைச் சரிவில் நடந்துகொண்டிருந்தோம். உடன்வந்த வழிகாட்டி வேலிக்கு வெளியே நின்ற ஒரு முள்மரத்தைக் காட்டினார். எனக்கு அதைக் காட்டவே வேண்டாம், சீமைக் கருவேலம்! முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் கண்மாய்க்குள் புகுந்து, புஞ்சையை வளைத்து, அப்பாவை ஆயுள் முழுக்க வெட்டரிவாளோடு அலையவைத்த அதே மரம். "இங்கே இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டேன். "பாவ்லியா" என்றார். பித்துப் பிடித்தது என்று அர்த்தமாம். அப்பா இருந்திருந்தால் அந்தப் பெயர் வைத்தவரைக் கும்பிட்டிருப்பார்.

இங்கே இதைப் பரப்பியவர் ஒரு ராஜா. மகாராஜா உமேத் சிங்குக்கு விமானம் ஓட்டுவதில் பெரிய ஆசை. 1930-களில், பாலை பச்சையாகட்டும் என்று, அமெரிக்கக் கண்டத்து மரமான இதன் விதைகளை விமானத்திலிருந்து தூவினார்கள். விறகுக்கு உதவியது உண்மை. எங்கள் ஊரிலும் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்கள் உண்டு. ஆனால் பக்கத்தில் வேறெதையும் அது வாழ விடுவதில்லை.

அதே ராஜா கட்டியதுதான் உமேத் பவன் அரண்மனை. 1929-இல் கடைக்கால் போட்டு 1943-இல் முடித்தார்கள். 347 அறைகள். பஞ்சத்தில் தவித்த குடியானவர்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்று தொடங்கிய வேலை. இப்போது ஒரு பகுதி ஓட்டல், ஒரு பகுதி அருங்காட்சியகம், மீதியில் அரச குடும்பம். ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

மெஹ்ரான்கட்டுக்கு ஒரு நாள் முழுக்க வேண்டும். மன்னர் ராவ் ஜோதா 1459-இல் மண்டோரிலிருந்து தலைநகரை இங்கே மாற்றி, ஊருக்கு மேலே 400 அடி உயரப் பாறையில் இதைக் கட்டத் தொடங்கினார். கீழே இருப்பது எரிமலைக் குழம்பு உறைந்த கல், 70 கோடி ஆண்டுக்கும் மேல் பழையது. அதன்மேல் மணற்கல் சுவர். அஸ்திவாரத்தில் ராஜாராம் மேக்வால் என்பவரை உயிரோடு புதைத்ததாகச் சொல்கிறார்கள்; அவருக்குக் கோட்டைக்குள்ளேயே நினைவிடம் இருக்கிறது. ஜெய்ப்பூர், பீகானேர் படைகளை வென்றதற்காக மகாராஜா மான் சிங் எழுப்பிய ஜெய் போல் வாசல் வழியாக ஏறினால் கடைசியில் வருவது லோஹா போல், இரும்பு வாசல்.

அந்த வாசல் சுவரில் கைகள் இருக்கின்றன. கல்லில் செதுக்கிய சின்னச் சின்ன உள்ளங்கைகள், மேலே குங்குமப்பூச்சு. 1843-இல் மான் சிங் இறந்தபோது சிதையேறிய பெண்களின் கைகள் அவை. ஒரு கை, எட்டாவது படிக்கும் என் மகளின் கையளவுதான் இருந்தது. பின்னால் வந்தவர்கள் படமெடுக்க இடம் கேட்டார்கள். ஒதுங்கிக்கொண்டேன். அதற்கப்புறம் பார்த்த பல்லக்கும் கண்ணாடி மண்டபமும் மனதில் நிற்கவில்லை.

மறுநாள் கேஜர்லி கிராமம். ஜோத்பூரிலிருந்து 26 கிலோமீட்டர். 1730-இல் அபய் சிங் மகாராஜா அரண்மனை வேலைக்குச் சுண்ணாம்பு சுட விறகு கேட்டு ஆளனுப்பினார். அந்த ஊர் பிஷ்னோய் சமூகத்தார் கேஜ்ரி மரத்தை வெட்ட விடமாட்டார்கள். அவர்களில் அம்ருதா தேவி முதலில் மரத்தைக் கட்டிக்கொண்டார், அவரையே வெட்டினார்கள். அடுத்தடுத்து ஆட்கள் வந்து கட்டிக்கொண்டார்கள். 363 பேர் செத்த பிறகுதான் மகாராஜா நிறுத்தச் சொன்னார்.

கேஜ்ரி என்பது வேறொன்றுமில்லை, நம் வன்னி. விருத்தாசலம் கோயிலின் தல விருட்சம் அதுதான். அதன் காய்தான் சாங்கிரி. உலர்த்தி வைத்து, கேர் என்ற காட்டுக்காயோடு எண்ணெயில் வதக்கிப் போடுகிறார்கள். கம்பு ரொட்டியோடு ஒரு வாய் வைத்ததும், வத்தலை நம்பி மழையில்லா மாதங்களை ஓட்டிய எங்கள் அப்பத்தாவின் அடுப்படி ஞாபகம் வந்தது. வன்னிக்கும் சீமைக் கருவேலத்துக்கும் தாவரவியலில் நெருங்கிய உறவு என்பதுதான் எனக்கு ஆறவில்லை. ஒன்று உயிர் கொடுத்துக் காப்பாற்றிய மரம், இன்னொன்று விமானத்தில் வந்த மரம்.

நான் முதல் நாள் நடந்த சரிவு, ராவ் ஜோதா பாலைப்பாறைப் பூங்கா. ஏறத்தாழ 70 ஹெக்டேர். 2006-இல் வேலை தொடங்கியபோது அங்கே இருந்ததெல்லாம் பாவ்லியாதான். மேலே வெட்டினால் மறுபடி தழைத்துவிடும். வேரோ பாறை இடுக்கில். சூழலியலாளர் பிரதீப் கிரிஷன், காண்ட்வாலியா என்ற கல்லுடைக்கும் சமூகத்தாரைக் கூட்டிவந்தார். சுத்தியலால் பாறையைத் தட்டி, சத்தத்தை வைத்தே எங்கே விரிசல் என்று சொல்லிவிடுவார்களாம். உளியால் கொத்தி வேர்முண்டை அடியோடு எடுத்தார்கள். அந்தக் குழிகளிலேயே கள்ளியும் குமட்டியா மரமும் கேரும் வைத்தார்கள்.  ஒரு குழியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். உளித்தடம் இன்னும் விரலில் நெருடியது.

ஜோத்பூர் போகிறவர்கள் மழைக்குப் பிந்திய செப்டம்பரில் போங்கள். வெயில் ஏறுமுன் இந்தப் பூங்காவில் நடந்துவிட்டுப் பிறகு கோட்டைக்கு ஏறுங்கள். எங்கள் மாவட்டத்தில் கண்மாய் தூர்வாரும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜேசிபியால் மேலே மழித்துவிட்டுப் போகாதீர்கள். வேரோடு எடுத்து, கரை மேட்டில் அந்தக் குழியிலேயே ஒரு வன்னியை வையுங்கள்.