தூரம் மாறினால் நகரும் கோடு: லெவல் கருவியின் மறைவான பிழை

நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் லெவல் கருவியின் தொலைநோக்கிக்குள் ஒரு குறுக்குக் கம்பி உண்டு. அந்தக் கம்பியின் வழியே போகும் நேர்கோட்டைப் பார்வைக் கோடு என்பார்கள். கருவியை மட்டமாக நிறுத்தியபின் இந்தக் கோடும் மட்டமாகவே இருக்க வேண்டும். ஸ்டாஃப் எனப்படும் அளவுகோல் பத்தடியில் நின்றாலும் இருநூறு அடியில் நின்றாலும் கோடு அசையக் கூடாது. ஆனால் சில கருவிகளில், தூரத்துக்கு ஏற்பக் குவியத்தை மாற்றும் திருகைச் சுழற்றியதும் கோடு சற்றே மேலேறும் அல்லது கீழிறங்கும்.

துப்பாக்கியில் பொருத்தும் ஸ்கோப்பிலும் இதற்கு இணையான கோளாறு உண்டு. ஓர் உருப்பெருக்கத்தில் சரிசெய்து வைத்த குறி, உருப்பெருக்க வளையத்தைத் திருப்பியதும் விலகிவிடும். இரண்டுக்கும் அடிப்படைக் காரணம் ஒன்றே: குழாய்க்குள் முன்னும் பின்னும் நகர வேண்டிய லென்ஸ், நேராகப் போகாமல் ஒதுங்கியோ சாய்ந்தோ போகிறது. லென்ஸ் விலகினால் பிம்பம் விலகும். கம்பி நின்ற இடத்திலேயே நிற்கும்.

ராணிப்பேட்டை மாவட்டம் வாலாஜாபேட்டை வட்டாரத்தில் இந்தச் சிறு விலகலுக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஊருக்கு அருகே பாலாற்றின் குறுக்கே 1858-இல் கட்டி முடிக்கப்பட்ட அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்கள் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர், தூசி ஆகிய ஏரிகளுக்கு நீர் கொண்டுபோகின்றன. இதற்கு மோட்டார் கிடையாது. நிலச் சரிவே நீரை நடத்துகிறது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-இல் திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதைக்கும் ஏற்ற இறக்கம் பார்க்காமல் தண்டவாளம் போட்டிருக்க முடியாது.

அந்தக் காலத்துத் தொலைநோக்கிகளில் குவியத்தை மாற்ற, ஒரு குழாய் இன்னொன்றுக்குள்ளிருந்து வெளியே நீளும். குழாய் தேய்ந்து ஆட்டம் கண்டால் பார்வைக் கோடும் ஆடும். 1908-இல் ஜெய்ஸ் நிறுவனத்தில் சேர்ந்த சுவிட்சர்லாந்துக்காரர் ஹைன்ரிச் வில்ட், குழாய் நீளாமல் உள்ளே ஒரு லென்ஸ் மட்டும் நகரும் அமைப்பை லெவல் கருவிக்குக் கொண்டுவந்தார். தூசியும் ஈரமும் உள்ளே போவது குறைந்தது, தேய்மானமும் குறைந்தது. இன்று கட்டுமான இடங்களில் பார்க்கும் ஆட்டோ லெவலிலும் அந்த அமைப்புதான் இருக்கிறது. ஆனாலும் கருவி கீழே விழுந்தாலோ, உறையில்லாமல் வண்டியில் குலுங்கிப் பயணம் செய்தாலோ லென்ஸின் ஓட்டம் கெடலாம்.

கருவியைக் குறை சொல்வதற்கு முன் எளிய காரணங்களை விலக்க வேண்டும். கண்ணைச் சற்று மேலும் கீழும் அசைக்கும்போது கம்பி ஸ்டாஃபின் மேல் நகர்வதுபோல் தெரிந்தால், கண்ணருகே உள்ள லென்ஸையோ குவியத் திருகையோ சரியாகத் திருப்பவில்லை என்று பொருள். முக்காலியின் காலில் திருகு தளர்ந்திருக்கலாம், ஈர மண்ணில் கால் இறங்கியிருக்கலாம், ஸ்டாஃப் சாய்ந்திருக்கலாம். உச்சிவெயிலில் தரையை ஒட்டிய காற்று அலைந்து அளவைக் குழப்பும் என்பதால் சோதனையைக் காலையில் செய்வது நல்லது.

அடுத்தது இரண்டு முளைச் சோதனை. 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளைகளை அடித்து, கருவியைச் சரிநடுவில் நிறுத்த வேண்டும். முதல் முளையில் 1.425, இரண்டாவதில் 1.260 மீட்டர் என்று காட்டினால் வித்தியாசம் 0.165. இரு பக்கமும் 30 மீட்டர்தான்; குவியத் திருகைத் தொட வேண்டியதே இல்லை. கோடு சாய்ந்திருந்தாலும் இரு பக்கமும் ஒரே அளவு சாய்ந்திருக்கும். கழிக்கும்போது பிழை அடிபட்டுப்போகும். ஆகவே 0.165 உண்மையான உயர வேறுபாடு.

பிறகு கருவியை முதல் முளைக்கு 2 மீட்டர் பின்னால், இரு முளைகளின் நேர்கோட்டிலேயே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். முதல் முளையில் 1.510 என்றால் இரண்டாவதில் 1.345 வர வேண்டும். 1.351 வந்தால் 60 மீட்டருக்கு 6 மில்லிமீட்டர் பிழை.

பிழை இருப்பதை இந்தச் சோதனை காட்டும். அதன் வகையைக் காட்டாது. கம்பி இடம் மாறியிருக்கிறதா, குவிய லென்ஸ் ஒதுங்குகிறதா என்று பிரித்தறிய இன்னும் சில முளைகள் வேண்டும். 10 மீட்டருக்கு ஒன்றாக வரிசையில் அடித்து, ஒவ்வொரு அடுத்தடுத்த ஜோடிக்கும் நடுவில் கருவியை நிறுத்தி உண்மையான உயரங்களைக் கணக்கிட வேண்டும். பின் ஒரு கோடியிலிருந்து எல்லா முளைகளையும் படிக்க வேண்டும். பிழை தூரத்துக்கு ஏற்பச் சீராகக் கூடினால், அதாவது 10 மீட்டருக்கு 1, 20-க்கு 2, 30-க்கு 3 மில்லிமீட்டர் என்று போனால், கோடு நேராகத்தான் இருக்கிறது, சாய்ந்து மட்டும் இருக்கிறது. கம்பியைச் சரிசெய்யும் திருகால் இது தீரும். பிழை ஓர் ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கினாலும், ஒரே தூரத்துக்குத் திருகை முன்னிருந்தும் பின்னிருந்தும் கொண்டுவரும்போது அளவு மாறினாலும் குவிய லென்ஸின் ஓட்டத்தில்தான் கோளாறு. எந்தத் திருகைத் திருப்பியும் இது தீராது. ஒரு தூரத்துக்குச் சரிசெய்தால் இன்னொரு தூரத்தில் பிழை வரும். கருவியைப் பழுதுபார்க்கும் பட்டறைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

பழுதுள்ள கருவி என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு. 60 மீட்டருக்கு 6 மில்லிமீட்டர் பிழை காட்டிய கருவியை ஒவ்வொரு முறையும் பின்பக்க ஸ்டாஃபுக்கு 20 மீட்டரிலும் முன்பக்க ஸ்டாஃபுக்கு 50 மீட்டரிலும் நிறுத்தினால், முறைக்கு 3 மில்லிமீட்டர் பிழை சேரும். ஒரு கிலோமீட்டரில் அது 4 சென்டிமீட்டரைத் தாண்டும். கிலோமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் மட்டுமே சரிவு கொடுக்கும் கால்வாயில் ஐந்தில் ஒரு பங்கு காணாமற்போகும். வாட்டம் இழந்த இடத்தில் நீர் தயங்கும், வண்டல் படியும்.

இதைத் தடுக்கும் வழி இரண்டு முளைச் சோதனையிலேயே இருக்கிறது. முன்னும் பின்னும் சம தூரத்தில் கருவியை நிறுத்தினால் சாய்ந்த கோட்டின் பிழையும் கழிந்துவிடும், குவியம் மாறாததால் லென்ஸின் பிழையும் கழிந்துவிடும். பூமியின் வளைவால் வரும் சிறு பிழைகூட அதோடு போகும். துப்பாக்கி ஸ்கோப்புக்கும் வழி இதுவே: எந்த உருப்பெருக்கத்தில் சுடப்போகிறார்களோ அதே உருப்பெருக்கத்தில் குறியைச் சரிசெய்து, வளையத்தைத் தொடாமல் விட வேண்டும்.

கால்வாய் சீரமைப்போ வீட்டு அஸ்திவாரமோ, வேலை தொடங்கும் முன் கருவியை இரண்டு முளைச் சோதனைக்கு உட்படுத்தித் தேதியோடு குறித்துவைக்க அரை மணி நேரம் போதும். அந்தக் குறிப்பைக் கேட்டுப் பார்த்த பிறகே முதல் அளவை எழுத அனுமதிப்பது நல்லது.