பாத்திரம் கழுவும் இயந்திரமும் மூன்றாம் நாள் தண்ணீரும்

ரயிலே இல்லாத ஊரில் ரயில்வேக்காரருக்கு என்ன வேலை என்று நம் சங்கத்துக்கு வரும் அன்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. கேள்வி நியாயமானதுதான். டிப்ளமோ படித்துவிட்டு டீசல் என்ஜின் ஷெட்டில் சேர்ந்து, முப்பத்தாறு ஆண்டுகள் கிரீஸும் டீசலுமாக வாழ்ந்துவிட்டு, 2019-இல் ஓய்வு பெற்றேன். மகனுக்கு அந்தமானில் அரசு வேலை. நானும் என் மனைவியும் மூட்டை முடிச்சுகளுடன் கப்பலேறி வந்துவிட்டோம். அன்று போர்ட் பிளேர். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் அறிவித்தார்கள். பெயர் எதுவானாலும் தண்டவாளம் மட்டும் கிடையாது.

ஆனால் பழுது என்பது ரயிலில் மட்டுமா வருகிறது? இந்த ஆண்டு மார்ச் மாதம் எங்கள் வீட்டுச் சமையலறையில் வந்த ஒரு பழுதைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன். இதில் இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சமும், என் அறியாமையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவும் இருக்கும். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மனைவி மழையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். எலும்பு கூடியது, ஆனால் பழைய பலம் வரவில்லை. குக்கரைத் தூக்கினால் கை நடுங்கும். ஈரத்தில் வெகு நேரம் இருந்தால் இரவெல்லாம் வலிக்கும். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். ஆகவே மகன் சென்னையிலிருந்து பாத்திரம் கழுவும் இயந்திரம் ஒன்றைக் கப்பலில் வரவழைத்தான். "நம்ம ஊர் எண்ணெய்ப் பிசுக்குக்கு இதெல்லாம் சரிப்படுமா?" என்று முதலில் முகம் சுளித்தவள், ஒரு வாரத்தில் அதற்குப் பொட்டு வைக்காத குறையாகப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

இந்த இயந்திரத்தை வெள்ளைக்காரர்களின் ஆடம்பரம் என்று நாம் நினைக்கிறோம். இதைக் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் ஒரு விதவைப் பெண்மணி. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசபின் காக்ரேன் என்பவர், கணவர் கடனை வைத்துவிட்டு இறந்த பிறகு, 1886-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய இயந்திரங்கள் இடம்பெற்றன. அவர் செய்த புதுமை எளிமையானது. தட்டுகளைக் கம்பிக் கூடையில் நிறுத்திவிட்டு, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தார். இன்றைய இயந்திரமும் அதையேதான் செய்கிறது. அடியில் பத்துப் பன்னிரண்டு லிட்டர் தண்ணீரைத் தவணை தவணையாக வாங்கிக்கொண்டு, சூடாக்கி, சுழலும் கைகளின் துளைகள் வழியாக அதே தண்ணீரைத் திரும்பத் திரும்ப அடிக்கிறது. பிறகு அழுக்கு நீரை வெளியே தள்ளிவிட்டுப் புதுத் தண்ணீர் வாங்குகிறது.

பழுது வந்தது

மார்ச் இரண்டாம் வாரம் ஒரு நாள் இரவு இயந்திரத்தை ஓட்டினால், சற்று நேரம் 'உம்' என்று முனகியது. பிறகு மூன்று முறை கூவிவிட்டு நின்றுவிட்டது. முகப்பில் குழாய் வடிவில் ஒரு சிறு விளக்கு மினுக்கியது. குழாயைத் திறந்து பார்த்தேன், தண்ணீர் நன்றாகவே விழுந்தது. "விளக்கு பொய் சொல்கிறது" என்று தீர்ப்பு எழுதினேன். முதல் தவறு.

மகன் கம்பெனிக்குப் போன் செய்தான். மறுமுனையில் பேசிய தம்பி, விவரத்தைக் கேட்டுவிட்டு, "போர்டு போயிருக்கும் சார், மாத்தணும்" என்றார். போர்டு சென்னையிலிருந்து கப்பலில் வர வேண்டும், ஆளும் வர வேண்டும், பதினோராயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்றார். ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கும் மேலான கடலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு அவரால் வேறென்ன சொல்ல முடியும்? ஆனால் ஷெட்டில் எங்களுக்கு ஒரு கட்டளை உண்டு. ஒரு உறுப்பு கெட்டுவிட்டது என்று நிரூபிக்காமல் அதை மாற்றக்கூடாது. "போர்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நான் பார்க்கிறேன்" என்று மார்தட்டினேன்.

பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடிவிட்டுத்தான் கை வைத்தேன். கீழ்க்கூடையை எடுத்து, வடிகட்டியைக் கழற்றினேன். அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, கழிவுநீரை வெளியே தள்ளும் சிறிய பம்பின் மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு சூரை மீன் முள், இரண்டு எலுமிச்சை விதை, ஒரு ஸ்பூன் கடுகு! கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று குடும்பத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எல்லாவற்றையும் துடைத்து மாட்டி, ஓட்டினேன். இயந்திரம் முழுச் சுற்றும் ஓடி முடித்தது. பேரன் கைதட்டினான். மருமகள், "மாமா, பதினோராயிரம் மிச்சம்" என்றாள். அன்றிரவு எனக்குப் பழைய ஷெட் நினைவாகவே இருந்தது.

மூன்றாம் நாள் இயந்திரம் மறுபடியும் நின்றது. அதே கூவல், அதே விளக்கு.

தவறு எங்கே?

அடுத்த பத்து நாட்கள் இயந்திரம் என்னோடு கண்ணாமூச்சி ஆடியது. ஒரு நாள் ஓடும், ஒரு நாள் நிற்கும். மல்டிமீட்டரை வைத்து மின் அழுத்தம் பார்த்தேன். நம் தீவின் மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர்களில் பிறப்பது. தாய்நாட்டு மின் கட்டத்தோடு நமக்கு இணைப்பு இல்லை. ஏற்ற இறக்கம் இருக்கலாம் என்று சந்தேகம். ஆனால் அளவு சரியாகவே இருந்தது. கதவுத் தாழ்ப்பாளில் உள்ள சுவிட்சைப் பார்த்தேன். அதுவும் சரி. போர்டுதானோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது.

ஒரு நாள் இரவு பத்தரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். சமையலறையில் விளக்கு எரிந்தது. என் மனைவி இடது கையால் குக்கரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அந்த முறிந்த வலது கையால் அடிப்பிடித்த சாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இயந்திரம் நின்ற நாட்களிலெல்லாம் எல்லோரும் தூங்கிய பிறகு அவள்தான் பாத்திரம் தேய்த்திருக்கிறாள். காலையில் பாத்திரங்கள் பளபளவென்று அடுக்கில் இருந்ததை நான் பார்த்தேன். யார் கழுவினார்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"ஏன் சொல்லவில்லை?" என்றேன்.

"என்னங்க, சொன்னா மட்டும்? தண்ணி வர்ற நாள்ல மிஷின் ஓடுது, மூணாம் நாள் நிக்குதுன்னு முதல் வாரமே சொன்னேன். நீங்க காதுல வாங்கல. கடுகைக் காட்டிக்கிட்டு இருந்தீங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஷெட்டுக்கு வரும் புதுப் பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே இதுதான்: என்ஜினைத் திறக்கும் முன் டிரைவர் எழுதிய குறிப்பைப் படி, முடிந்தால் டிரைவரையே கேள். எந்த ஏற்றத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு பாரத்தில் நின்றது என்று அவருக்குத்தான் தெரியும். என் வீட்டு இயந்திரத்தின் டிரைவர் மூன்று ஆண்டுகளாக என் பக்கத்திலேயே இருந்தாள். அவளை மட்டும் நான் கேட்கவில்லை. அன்று குக்கரை வாங்கி மீதியை நான் தேய்த்தேன். திருமணமாகி முப்பத்தெட்டு ஆண்டுகளில் அதுதான் முதல் தடவை.

கணக்கு சொன்ன உண்மை

மறுநாள் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். தேதி, தண்ணீர் வந்த நாளா, தொட்டியில் எவ்வளவு தண்ணீர், இயந்திரம் ஓடியதா என்று நான்கு பத்திகள். நம் ஊருக்குத் தனிக்காரி அணைதான் முக்கிய ஆதாரம். மழை போன பிறகு அணை இறங்க இறங்க, குழாய்த் தண்ணீர் விட்டு விட்டுத்தான் வரும். எங்கள் தெருவில் மார்ச்சில் மூன்று நாளுக்கு ஒருமுறை. ஒன்பது நாள் எழுதியதும் படம் தெளிவாகிவிட்டது. தொட்டி நிறைந்த நாளும் அதற்கு அடுத்த நாளும் ஓடுகிறது. மூன்றாம் நாள் நிற்கிறது. கடுகை நான் எடுத்த அன்று தண்ணீர் வந்த நாள்! என் வைத்தியத்தால் பிழைக்கவில்லை; அன்று எப்படியும் ஓடியிருக்கும்.

ஆனால் மூன்றாம் நாளும் குழாயில் தண்ணீர் விழுகிறதே? வாளி வைத்து அளந்தேன். தொட்டி நிறைந்த அன்று நிமிடத்துக்கு ஒன்பது லிட்டர். மூன்றாம் நாள் ஏழரை. பெரிய வித்தியாசமில்லை. அப்புறம்தான் இயந்திரத்தின் குறிப்பேட்டை முழுதாகப் படிக்க உட்கார்ந்தேன். அச்சிட்ட பிரதி எங்கோ போய்விட்டது. பேரன் செல்போனில் இறக்கிக் கொடுத்தான். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்ததால் இதெல்லாம் நமக்கு இப்போது சுலபம். குறைந்தபட்ச நீர் அழுத்தம் 0.3 பார் என்று போட்டிருந்தது.

பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். 0.3 பாருக்கு மூன்று மீட்டர் வேண்டும். டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். நாங்கள் இருப்பது மேல்மாடி. தலைக்கு மேலேயே தொட்டி. குழாயிலிருந்து தொட்டியின் அடிவரை 2.8 மீட்டர். தொட்டி நிறைந்தால் அதற்குமேல் ஒரு மீட்டர் தண்ணீர் நிற்கும், மொத்தம் 3.8. பாதியானால் 3.3. அடிமட்டத்துக்குப் போனால் மூன்றுக்கும் கீழே. கணக்கு கச்சிதமாக உட்கார்ந்தது.

இயந்திரத்துக்குள் தண்ணீர் விடும் வால்வில் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. மின்சாரம் அதில் ஒரு சிறு துளையை மட்டுமே திறக்கும். சவ்வைத் தூக்குவது தண்ணீரின் அழுத்தமே. அழுத்தம் குறைந்தால் சவ்வு சரியாகத் தூக்காது. போதிய தண்ணீர் வராததால் இயந்திரம் சற்று நேரம் காத்திருந்துவிட்டு நின்றுவிடுகிறது. குழாய் விளக்கு பொய் சொல்லவில்லை. எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை.

தண்ணீர் ஹோஸை இயந்திரத்தின் பக்கம் கழற்றினேன். வால்வின் வாயில் உள்ள சல்லடையில் பழுப்பு வண்டல் அப்பியிருந்தது. தொட்டி வற்றும்போது அடிவண்டல் இறங்கி, இருக்கிற அழுத்தத்தையும் தின்றிருக்கிறது. பழைய பல் தேய்க்கும் பிரஷால் கழுவி மாட்டினேன். செலவு ஒன்றுமில்லை.

சல்லடையைக் கழுவியும் மூன்றாம் நாள் இரண்டு தடவைக்கு ஒரு தடவை நின்றது. தொட்டியை மேடை போட்டு உயர்த்தலாமா என்று மகன் கேட்டான். ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன் எடை. நம் தீவுகள் நில நடுக்க ஆபத்து மிகுந்த மண்டலத்தில் இருப்பவை. 2004 டிசம்பர் 26 இங்கே யாருக்கும் மறக்காது. தலைக்கு மேல் ஒரு டன்னைக் கால் வைத்து நிறுத்த வேண்டாம் என்றேன். கடைசியில் கால அட்டவணையை மாற்றினோம். தண்ணீர் வரும் நாளும் மறுநாளும் இயந்திரத்தின் முறை. மூன்றாம் நாள் என் முறை.

வாசகர்களுக்குச் சில குறிப்புகள்

இயந்திரம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள். கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக்கில்தான் மாட்ட வேண்டும். வடிகட்டியை வாரம் ஒருமுறையும், தண்ணீர் வரும் வாயிலில் உள்ள சல்லடையைக் கோடையில் மாதம் ஒருமுறையும் கழுவுங்கள். கறிவேப்பிலை, கடுகு, புளிச் சக்கை, மீன் முள் இவற்றை வழித்துப் போட்டுவிட்டுத் தட்டை உள்ளே வையுங்கள். சுழலும் கையின் துளைகள் அடைத்தால் ஊசியால் குத்துங்கள். இதற்கென்று விற்கும் தூளைத்தான் போட வேண்டும். சாதாரண சோப்புத் திரவம் நுரைத்துப் பொங்கி வழியும். இரும்பு தோசைக்கல் துருப்பிடிக்கும், அலுமினியம் கறுக்கும். இரண்டையும் கையால்தான் கழுவ வேண்டும். மின்சுற்றுக்குள்ளே பழுது என்று தோன்றினால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், வீரம் வேண்டாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. இயந்திரத்தை அன்றாடம் ஓட்டுகிறவர் யாரோ, அவரை முதலில் கேளுங்கள்.

மூன்றாம் நாள் பாத்திரங்களை நான்தான் கழுவுகிறேன். முதல் நாள் இரண்டு வாளிக்குமேல் தண்ணீரை இறைத்தேன். என் மனைவி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, எதை முதலில் ஊறப்போட வேண்டும், எண்ணெய்ப் பாத்திரத்தை ஏன் கடைசியில் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். இப்போது ஒரு வாளியில் முடிக்கிறேன். நேற்று குக்கரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, பாஸ்" என்றாள். துறைத் தேர்வுகள் எத்தனையோ எழுதியிருக்கிறேன். எதிலும் இவ்வளவு தாமதமாக முடிவு வந்ததில்லை.