உங்களுக்குத் தெரியுமா? வேகத்தை விற்றவரும் வாங்கியவரும்

மலேசியாவின் பெரோடுவா மைவி 2005-இல் வந்தபோது அது பந்தயக் கார் அல்ல. ரவாங் பக்கம் சுங்கை சோவில் தயாராகி, பத்தாங் பெர்ஜுந்தாய்த் தோட்டங்களில் பாட்டியைக் கிளினிக்குக்கும் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கும் ஏற்றிப்போன குடும்ப வண்டி. பின்னால் அதற்கு வந்த ‘மைவி கிங்’ பட்டத்தை எந்த விளம்பரமும் சூட்டவில்லை. இடது பக்கம் புகுந்து முந்திக் காட்டிய ஓட்டுநர்கள் வாங்கிக் கொடுத்தது அது. கம்பெனியைத் திட்டுமுன் இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கம்பெனிக்கும் ஒரு கேள்வி உண்டு. 2017 நவம்பரில் வந்த மூன்றாம் தலைமுறை மைவியில், முன்னால் வண்டி நின்றால் தானாகவே பிரேக் பிடிக்கும் வசதி இருந்தது. எல்லா மைவியிலும் அல்ல. விலை கூடிய 1.5 அட்வான்ஸில் மட்டும். மற்ற ரகங்களுக்கு அது பரவலாக வந்தது 2021-இல்தான். வாங்குகிறவருக்குப் புத்தி வேண்டும், சரி. மாதத் தவணையைப் பார்த்துத்தான் பிரேக் என்றால், அதற்கு யார் புத்தி சொல்வது?

வேகத்தை வேகமென்றே விற்ற உள்ளூர்க் கார் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. 1990களின் கடைசியில் வந்தது. 1.8 லிட்டர் இன்ஜின், மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும் வேகம், ‘ஹேண்ட்லிங் பை லோட்டஸ்’ என்று பெருமையாக ஒரு பட்டை. நம் நெடுஞ்சாலைகளில் உச்ச வரம்போ 110.

அந்த 110-இல் போகும் கார் ஒரு விநாடியில் 30 மீட்டர் கடக்கும். செம்பனையைச் சுமார் 9 மீட்டர் இடைவெளியில் நடுவார்கள். அதாவது, கால் பிரேக்கைத் தேடும் நேரத்துக்குள் மூன்று மரம் பின்னால் போயிருக்கும். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு. இந்தக் கணக்கை எந்தக் கார் விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை.

ஜப்பானியக் கம்பெனிகள் 1989 முதல் 2004 வரை, எந்தக் காருக்கும் 280 குதிரைத்திறனுக்கு மேல் இல்லை என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தன. நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் உண்மைச் சக்தி அதைவிட அதிகம். காகிதத்தில் மட்டும் 280. சரக்கைக் குறைத்துச் சொல்லி விற்ற வியாபாரி வேறெங்கும் உண்டா தெரியவில்லை!

அதே நிசானின் 300 இசட்எக்ஸ் காருக்கு ரிட்லி ஸ்காட் இயக்கிய விளம்பரம், 1990-இல் அமெரிக்காவின் சூப்பர் பவுல் ஆட்டத்தின்போது ஒளிபரப்பானது. பைக், பந்தயக் கார், ஜெட் விமானம் எல்லாம் துரத்த, கார் தப்பிக்கும் கனவு. வேகத்தைத் தூண்டுகிறது என்று எதிர்ப்பு வர, அந்த ஒரு முறையோடு சரி.

பிரிட்டனில் விளம்பரத்தின் முக்கியச் செய்தியாக வேகத்தைக் காட்டவே விதி இடம் தராது. 2014-இல் ஜாகுவார் எஃப்-டைப் விளம்பரம் ஒன்று பொறுப்பற்ற ஓட்டத்தை ஊக்குவிப்பதாகத் தடைபட்டது.

வால்வோ 2020-இலிருந்து தன் புதுக் கார்களை மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் ஓடவிடுவதில்லை. 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதுக் கார் ஒவ்வொன்றும் வரம்பு மீறினால் எச்சரிக்க வேண்டும். ஓட்டுநர் விரும்பினால் அதை அணைத்துவிடலாம்.