கொலையா, தற்கொலையா? நரம்பணு லேபில் ஒரு ரவுண்டு

செருப்பை வெளியே விட்டுவிட்டு வாருங்கள், 37 டிகிரி இன்குபேட்டருக்குள் எட்டிப் பார்ப்போம். பிறந்த எலிக்குட்டியின் கழுத்திலிருந்து எடுத்த நரம்பணுக்கள், நாலா பக்கமும் இழை விட்டுத் தட்டில் ஒட்டிக் கிடக்கின்றன. இவற்றுக்குச் சோறு என்ஜிஎஃப் என்கிற நரம்பு வளர்ச்சிக் காரணி (1986-இல் ரீட்டா லெவி-மொண்டால்சினிக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் நோபல் பரிசு வாங்கித் தந்த விஷயம்!). அதை நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் பெரும்பாலானவை தம்மைத் தாமே முடித்துக்கொள்ளும். அடிபட்டுச் சாகும் செல் வீங்கி வெடிக்கும். தன்னைத் தானே முடித்துக்கொள்ளும் செல்லோ சுருங்கி, தன் டிஎன்ஏவைத் தானே நறுக்கிக்கொண்டு ஓசைப்படாமல் போகும். அதைக் கையும் களவுமாகப் பிடிப்பதுதான் இங்கே வேலை.

முதல் துப்பு சவ்வில். உள்பக்கம் இருக்கவேண்டிய பாஸ்பாடிடில்செரின் என்ற கொழுப்பு, புரட்டிப் போட்ட சட்டையின் தையல் மாதிரி வெளியே தெரியும். ஒளிரும் சாயம் கட்டிய அனெக்சின் வி என்ற புரதம் அதில் போய் ஒட்டும். அந்த ஒட்டுக்குக் கால்சியம் வேண்டும், அது இல்லாத பஃபரில் கழுவினால் அம்பேல்! நரம்பணு இந்தச் சோதனையில் சரியான அடம் பிடிக்கும். தட்டிலிருந்து பெயர்த்தால் இழை அறுந்து சவ்வு கிழிய, நல்ல செல்லும் சாவதுபோல் ஒளிரும்.

என் ஹீரோ ட்யூனல்தான். காவ்ரியேலி, ஷெர்மன், பென்-சாசன் மூவரும் 1992-இல் வெளியிட்ட முறை. டிடிடி என்ற நொதி, அறுபட்ட டிஎன்ஏ முனைகளைத் தேடிப்போய் ஒளிரும் டிஎன்ஏ எழுத்துகளைக் (நியூக்ளியோடைடுகளை) கோர்க்கும். விளக்கை அணைத்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வையுங்கள். அடடா! டாப்பி சாயத்தில் உருண்டை உருண்டையாக நீல நியூக்ளியஸ்கள், நடுவே நாலைந்து மட்டும் நொறுங்கிய துகள்களாய்ப் பளீர்ப் பச்சை!

குதிக்க வேண்டாம், கடைசி இரண்டு ஸ்லைடுகள் பாக்கி. ஒன்றில் டிஎன்ஏஸ் என்ற வெட்டும் நொதியை விட்டு எல்லா டிஎன்ஏவையும் வேண்டுமென்றே வெட்டியிருக்கிறார்கள், அது முழுக்கப் பச்சையாக வேண்டும். மற்றதில் டிடிடியே போடவில்லை, அதில் பச்சைப் புள்ளிகூட வரக்கூடாது. இவை சொதப்பினால் இதுவரை பார்த்த அழகெல்லாம் குப்பைக்கு.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. வெடித்துச் செத்த செல்லின் டிஎன்ஏவும் துண்டுதுண்டாகத்தான் கிடக்கும், ட்யூனல் அதற்கும் பச்சை காட்டிவிடும். அதனால்தான் செல்லின் தற்கொலையை நடத்தும் கேஸ்பேஸ்-3 நொதியின் வெட்டுப்பட்ட, அதாவது வேலையில் இறங்கிவிட்ட வடிவத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியையும் சேர்த்துப் போடுகிறார்கள். நியூக்ளியஸ் சுருக்கம், கேஸ்பேஸ், ட்யூனல் மூன்றும் ஒத்துப்போனால் தற்கொலை என்று தைரியமாக எழுதலாம். ட்யூனல் படம் ஒன்றை மட்டும் காட்டித் தீர்ப்புச் சொல்லும் ஆய்வுக்கட்டுரையை நம்பாதீர்கள்.