ஒரு பெயரும் பல கரங்களும்

நூலின் முகப்பிற் பொறிக்கப்பட்ட பெயரே அதனை ஆக்கியோன் பெயரெனக் கொள்ளுதல் உலக வழக்கு. அமெரிக்கத் துப்பறியும் கதைகளின் வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு இவ்வழக்கு எப்போதும் பொருந்தாதென்பது புலனாகும். அங்கே ஒரு பெயரைப் பலர் பகிர்ந்த முறை இருவகைப்படும். பதிப்பாளர் தம் உடைமையாக்கிக்கொண்ட பெயர் ஒன்று. எழுத்தாளர் தாமே கூடிப் புனைந்த பெயர் மற்றொன்று.

முன்னையதற்கு நிக் காட்டர் கதைகள் தக்க சான்றாகும். 1886 இல் யோன் கொறியெல் என்பார் நியூ யோர்க் வார இதழொன்றில் இத்துப்பறிவாளனை அறிமுகஞ் செய்தார். அவர் விலகிய பின்னரும் கதைகள் நிற்கவில்லை. பிரெடெரிக் டே முதலிய பலர் தொடர்ந்தெழுதினர். எழுதுவோர் மாறினும் பெயர் மாறாமையால் வாசகர் குன்றவில்லை; பதிப்பாளர் விரும்பியதும் அதுவே.

இம்முறையைப் பெருந்தொழிலாக வளர்த்தவர் எட்வேட் ஸ்ராற்றமேயர். கதைச் சுருக்கத்தைச் சில பக்கங்களில் வகுத்தல் அவர் பணி. அதனை முழுநூலாக விரித்தல் கூலிக்கமர்ந்த எழுத்தாளர் பணி. 1930 இல் தொடங்கிய நான்சி ட்ரூ வரிசையை இயற்றியவர் கறொலின் கீன் என நூலட்டை கூறிற்று. அப்படியொரு பெண்மணி இருந்ததேயில்லை. முதல் 30 நூல்களுள் 23 நூல்களை எழுதியவர், பின்னாளில் மில்ட்ரெட் பென்சன் எனப்பட்ட மில்ட்ரெட் வேட் என்பவரே. தொடக்கத்தில் நூலொன்றுக்கு அவர் பெற்றது 125 டொலர். அத்துடன் உரிமை யாவும் கைமாறின. நூல்கள் இலட்சக்கணக்கில் விற்பனையாகியும் அவற்றின் ஊதியத்தில் அவருக்குப் பங்கில்லை. 1980 இல் பதிப்புரிமை வழக்கொன்றில் அவர் சாட்சி கூறியபோதுதான் அவரது உழைப்பு நீதிமன்றத்திற் பதிவாயிற்று.

பின்னையதற்கு எலறி குவீன் என்னும் பெயர் சான்றாகும். உறவினரான பிரெடெரிக் டானே, மான்பிரட் லீ ஆகிய இருவரும் 1929 இல் இப்பெயரால் முதல் நாவலை வெளியிட்டனர். டானே கதைக்கட்டையும் துப்புக்களையும் வகுத்தார். லீ அவற்றை நாவலாக எழுதினார். ஸ்ராற்றமேயர் கண்ட வேலைப்பிரிவும் இத்தகையதே. ஆயினும் இங்கே பெயரும் பயனும் இருவர்க்கும் பொதுவாயிருந்தன. வேறுபாடு தொழில்முறையில் அன்று, உரிமையிலேயே உளது என்பது இதனாற் பெறப்படும்.

எனினும் லீயின் எழுத்து தடைப்பட்ட காலத்தில், 1963 இலும் 1964 இலும் வெளிவந்த குவீன் நாவல்களைத் தியடோர் ஸ்ரேர்ஜன், அவ்றம் டேவிட்சன் என்போர் டானேயின் சுருக்கங்களைக் கொண்டு எழுதிக்கொடுத்தனர். அட்டையில் அவர்கள் பெயர் இடம்பெறவில்லை. இருவர் தமக்கெனப் படைத்த பெயரும் ஈற்றிற் பிறர் உழைப்பை மறைக்கும் திரையாயிற்று.

பெயரைப் பகிர்தல் குற்றமன்று. எழுதியவர்க்கு உரியது சென்றடைந்ததா என்பதே வினா. அதற்கு விடை காண விழைவோர் நூலின் அட்டையோடு அமையாது, அதன் பின்னுள்ள ஒப்பந்தத்தையும் நோக்குதல் வேண்டும்.