பையன் கேட்கும் கிராபிக்ஸ் கார்டு: வாங்குமுன் இதைப் பாருங்கள்!

வீட்டுக் கம்ப்யூட்டரில் 'கேம்' திக்கித் திக்கி ஓடுகிறது. "புதுக் கிராபிக்ஸ் கார்டு வேண்டும், அப்பா!" என்கிறான் பையன்.

வாங்கலாம். ஆனால் கார்டுக்கும் பசி உண்டு! மின்சாரம்தான் அதன் சாப்பாடு.

மதர்போர்டில் கார்டைச் செருகும் இடம் 75 வாட் வரைதான் கொடுக்கும். அதற்கு மேல் இழுக்கும் கார்டுக்குப் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் வேண்டும். 6 பின் வயர் மேலும் 75 வாட் தரும். 8 பின் வயர் 150 வாட். பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இந்த வயரே கிடையாது! பவர் சப்ளை சிறியதானால், கேம் நடுவே கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடும். பிறகு அதையும் மாற்ற வேண்டும், செலவு இரட்டிப்பு!

2019-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650 கார்டு 75 வாட்டில் அடங்கும். அதில் பல மாடல்களுக்குத் தனி வயர் தேவையில்லை.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறவுங்கள். பவர் சப்ளையில் ஒட்டியுள்ள சீட்டில் எத்தனை வாட் என்று இருக்கும். குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.