பாய்ஸ் கம்பெனி என்னும் பள்ளிக்கூடம்

நடிப்புக் கலையைப் போதிக்கத் தனி வித்தியாசாலைகள் வேண்டுமென்று பேசுகிறவர்கள், தமிழ்நாட்டில் அவை முன்பே இருந்தன என்பதை மறந்துவிடுகிறார்கள். அவற்றுக்குக் கட்டடம் இல்லை, பட்டமளிப்பு இல்லை. மூட்டை முடிச்சுகளோடு ஊர் ஊராக நகர்ந்துகொண்டிருந்தன. ஜனங்கள் அவற்றைப் ‘பாய்ஸ் கம்பெனி’ என்று அழைத்தார்கள்.

அவற்றுள் தலைசிறந்ததென நாம் கருதுவது, 1918-ஆம் ஆண்டில் மதுரையில், சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையே. சுவாமிகள் 1867-இல் பிறந்தவர். கணக்கர் வேலையை உதறிவிட்டு 24-ஆம் வயதில் நாடகத்தில் புகுந்தவர். வயதுவந்த நடிகர்களோடு அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் கதையை மறந்து, ஒருவரையொருவர் மடக்குவதற்காக மேடையிலேயே தர்க்கத்தில் இறங்கிவிடுவார்கள். ‘வள்ளி திருமணம்’ விடிய விடிய நடக்கும். திருமணம் மட்டும் நடவாது! எழுதிய பாடத்தை எழுதியவாறே பேசக்கூடியவர்கள் சிறுவர்களே என்று அவர் துணிந்ததில் வியப்பென்ன?

கம்பெனி வீட்டில் ஆர்மோனியத்தின் சுருதியோடு பொழுது தொடங்கும். விருத்தமும் வசனமும் நெட்டுருவாக வேண்டும். ல, ழ, ள பிசகினால் வாத்தியாரின் பிரம்பு பேசும். ஒருவன் பாடம் மட்டும் போதாது. உடனிருப்பவன் நோயுற்றால் அவன் வேஷத்தையும் தாங்கத் தெரியவேண்டும். 6 வயதில் சபையில் சேர்ந்த தி. க. சண்முகத்துக்காகச் சுவாமிகள் ஒரே இரவில் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகம் முழுவதையும் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் பிரசித்தமான செய்தி. மாணவன் ஒருவனின் ஆற்றலைக் கண்டு அவனுக்கென்றே பாடநூல் எழுதும் உபாத்தியாயர் நம்மில் எத்தனை பேர்?

ஆயினும் மற்றொரு பக்கத்தையும் சொல்லாமலிருப்பது நேர்மையாகாது. அப்பிள்ளைகளில் மிகப் பலர் ஏழைக் குடும்பத்தவர். மூன்று வேளைச் சோற்றுக்காகவே தகப்பனார் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பார். கணக்கும் பூகோளமும் அவர்களுக்கு எட்டாக்கனி. பெண் வேஷத்தில் பெயரெடுத்த பையனுக்கு ஒருநாள் திடீரெனத் தொண்டை கரகரக்கும். இதை ‘மகரக்கட்டு’ என்பது கம்பெனி வழக்கு. நேற்றுவரை நாயகியாக நின்றவன் இன்று கூட்டத்தில் வேல் பிடிக்கும் சேவகன்! குரல் மீண்டவர்களின் புகழை நாம் அறிவோம்; மீளாதவர்களின் பெயரை யார் எழுதிவைத்தார்கள்?

இச்சபையில் பயின்ற சண்முகமும் சகோதரர்களும் 1925-இல் தம் சொந்த சபையைத் தொடங்கினார்கள். எம். கந்தசாமி முதலியார் அவர்களுக்குச் சமூக நாடகங்களைப் பயிற்றினார். வெ. சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீரன்’ அந்நிய ஆட்சியின் தடைக்கு உள்ளானது. அதையே 1931-இல் ‘தேசபக்தி’ என்னும் பெயரில் இச்சகோதரர்கள் மேடையேற்றினார்கள். புராண வேஷம் கட்டிய பிள்ளைகள் சுதந்திர தாகத்தை ஜனங்களுக்கு ஊட்டியது சாமானிய மாறுதலா? 1942-இல் சண்முகம் ஔவையாராகத் தோன்றினார். அன்றுமுதல் ‘அவ்வை’ என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், கே. ஆர். ராமசாமி ஆகியோர் அந்தச் சகோதரர்களின் சபையில் வளர்ந்தார்கள். எம். ஜி. ராமச்சந்திரன் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலிருந்து வந்தவர். எம். ஆர். ராதா, சிவாஜி கணேசன் ஆகியோருக்கும் பால்யப் பள்ளி இத்தகைய கம்பெனிகளே. தமிழ்ப் படவுலகில் நீண்ட வசனங்கள் பிசிறில்லாமல் ஒலித்ததற்குக் காரணம் தேடுவோர், அந்தப் பிரம்பையும் ஆர்மோனியத்தையும் ஒதுக்கிவிட முடியாது.

இத்தனைக்கும் மூலவரான சுவாமிகளை 1921-இல் பக்கவாதம் தாக்கியது. கரைபுரண்டோடிய நாவு அடங்கிவிட்டது. பேச்சிழந்த பின்னும் அவர் சபையை விட்டுப் பிரியவில்லை. தாம் எழுதிய வரிகளைத் தம் பிள்ளைகள் பாடக் கேட்டுக்கொண்டிருந்தார். 1922 நவம்பரில் புதுச்சேரியில் காலமானார். அங்கே கருவடிக்குப்பத்திலுள்ள அவருடைய சமாதிக்கு நாடகக் கலைஞர்கள் இன்றும் சென்று மாலையிட்டு வருகிறார்கள்.